பயிர்ச்சேத இடுபொருள் நிவாரணம்

பயிர்ச்சேத இடுபொருள் நிவாரணம் என்பது வெள்ளம், வறட்சி, புயல் போன்ற இயற்கைப் பேரிடர்களால் பயிரை இழந்த உழவர்களுக்கு, அவர்கள் பயிர்க் காப்பீடு செய்திருந்தாலும் செய்யாதிருந்தாலும், இந்தியாவில் அரசு வழங்கும் உதவித்தொகை ஆகும். இடுபொருள் மானியம் என்ற பெயரும் இதற்கு உண்டு. பேச்சு வழக்கில் வெள்ள நிவாரணம், வறட்சி நிவாரணம் என்பர். காப்பீடு செய்த உழவருக்கு இது ஒரு கூடுதல் உதவி. காப்பீடு செய்யாதவருக்கோ, பயிர் போன பின் கைக்கு வரக்கூடிய பணம் பெரும்பாலும் இது ஒன்றுதான். இதற்காக உழவர் முன்கூட்டியே கட்டணம் எதுவும் செலுத்துவதில்லை. பேரிடருக்குப் பின் வருவாய்த்துறையினரும் வேளாண்மைத்துறையினரும் வயலைப் பார்வையிட்டு, 33 விழுக்காடோ அதற்கு மேலோ பயிர் சேதமுற்றதாகப் பதிவு செய்தால், எக்டேருக்கு இவ்வளவு என வரையறுக்கப்பட்ட தொகை உழவரின் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகின்றது.

இக்கட்டுரை இந்திய நடைமுறையை, குறிப்பாகத் தமிழ்நாட்டில் அது செயற்படும் விதத்தை விளக்குகின்றது.

பெயரும் பொருளும்

நாளிதழ்களில் இத்தொகை "இழப்பீடு" என்று எழுதப்படுவதுண்டு. ஆயினும் அரசாணைகள் அச்சொல்லைப் பெரும்பாலும் தவிர்க்கின்றன. இழப்பீடு என்றால் இழந்த விளைச்சலின் மதிப்பை ஈடு செய்வது என்று பொருள்படும். இடுபொருள் நிவாரணம் அதைச் செய்வதில்லை. விதை, உரம், பூச்சிமருந்து, உழவுக்கூலி ஆகியவற்றில் உழவர் போட்ட முதலில் ஒரு பகுதியைத் திரும்பக் கொடுத்து, அடுத்த விதைப்புக்கு அவரை ஆயத்தப்படுத்துவதே இதன் நோக்கம். அதனால்தான் நெல் என்ன விலைக்குப் போயிருக்கும், எத்தனை மூட்டை கண்டிருக்கும் என்ற கணக்கு இதில் வருவதே இல்லை. கதிர் முற்றிய வயலுக்கும் நட்டு ஒரு மாதமான வயலுக்கும் ஒரே தொகைதான். அறுவடைக்கு நான்கு நாள் இருக்கையில் மழையில் பயிர் சாய்ந்த உழவருக்கு இவ்விதி நியாயமற்றதாகத் தோன்றுவது இயல்பே.

இது உழவரின் சட்ட உரிமையும் அன்று. கருணைத்தொகை வகையைச் சேர்ந்தது. எந்தப் பகுதியை, எந்தப் பயிரை, எப்போது சேர்ப்பது என்பதை அரசின் அறிவிப்பே முடிவு செய்கின்றது.

வரலாறு

விளைச்சல் பொய்த்த காலத்தில் அரசு உழவருக்குப் பணம் கொடுப்பது அண்மைக் கால வழக்கம். முற்காலத்தில் அரசு செய்த உதவி, பணம் கொடுப்பதாக அன்றி, வரி வாங்காமல் விடுவதாகவே இருந்தது. புறநானூற்றின் 35ஆம் பாடல், வெள்ளைக்குடி நாகனார் என்னும் புலவர் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனிடம் பாடித் தம் நிலத்தின் வரிக்கடனை நீக்கிக்கொண்டதைச் சொல்வது. பிரித்தானியர் ஆட்சியிலும் நிலவரித் தள்ளுபடியே முதன்மையான உதவியாக இருந்தது. 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தில் சென்னை மாகாணம் பேரழிவைக் கண்ட பின், 1880இல் பஞ்ச ஆணையம் தன் அறிக்கையைத் தந்தது. அதன் வழிவந்த பஞ்ச விதித்தொகுப்புகள் நிவாரண வேலைகளையும், இயலாதோருக்கான உணவுதவியையும் வரையறுத்தன. உழவருக்குக் கிடைத்தது கடன்: 1883ஆம் ஆண்டின் நில மேம்பாட்டுக் கடன் சட்டமும் 1884ஆம் ஆண்டின் உழவர் கடன் சட்டமும் விதை, கால்நடை முதலியன வாங்கத் "தக்காவி" எனப்பட்ட அரசுக் கடனுக்கு வழி செய்தன. கடன் என்பதால் அது திருப்பிச் செலுத்தப்பட வேண்டியதாயிற்று.

விடுதலைக்குப் பின், மாநிலங்கள் பேரிடர்ச் செலவுக்கெனச் சிறு தொகையை ஒதுக்கி வைக்கும் முறை இரண்டாம் நிதி ஆணையத்தின் பரிந்துரையால் வந்தது. ஒன்பதாம் நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி 1990இல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் பேரிடர் துயர்துடைப்பு நிதி ஏற்படுத்தப்பட்டது. ஒவ்வொரு பேரிடருக்கும் தில்லியை நோக்கிக் கைநீட்டும் நிலை இதனால் ஓரளவு குறைந்தது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் அடிப்படையில், 2010 முதல் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி, தேசியப் பேரிடர் நிவாரண நிதி என்னும் இரண்டும் இன்றைய வடிவில் இயங்குகின்றன.

இடுபொருள் நிவாரண விதிகளில் பெரிய திருப்பம் 2015இல் ஏற்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வட இந்தியாவில் பருவந்தவறிய மழையும் ஆலங்கட்டியும் கோதுமை முதலிய பயிர்களை அழித்தன. அதுவரை பயிரில் பாதி, அதாவது 50 விழுக்காடு அழிந்தால்தான் நிவாரணம் உண்டு. 45 விழுக்காடு இழந்தவருக்கு ஒன்றும் இல்லை. 2015 ஏப்ரலில் இவ்வரம்பு 33 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதுடன், தொகையும் ஒன்றரை மடங்காக உயர்த்தப்பட்டது.

நிதி ஆதாரம்

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் நடுவண் அரசு 75 விழுக்காடும் மாநில அரசு 25 விழுக்காடும் செலுத்துகின்றன. வடகிழக்கு மாநிலங்களுக்கும் இமயமலை மாநிலங்களுக்கும் நடுவண் அரசின் பங்கு 90 விழுக்காடு. இந்நிதியைக் கொண்டு எவ்வெவற்றுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை நடுவண் உள்துறை அமைச்சகம் வரையறுக்கின்றது. புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், ஆழிப்பேரலை, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித்தாக்குதல், உறைபனியும் குளிர் அலையும் என்னும் பன்னிரண்டுமே ஏற்கப்பட்ட பேரிடர்கள். மாநிலங்கள் தம் நிதியில் 10 விழுக்காடு வரை, இப்பட்டியலில் இல்லாத உள்ளூர்ப் பேரிடர்களுக்குச் செலவிடலாம். காட்டுப்பன்றியும் யானையும் அழித்த பயிர் இப்பட்டியலில் வராது. தமிழ்நாட்டில் அதற்கு வனத்துறையின் தனி உதவி உண்டு.

மாநில நிதி போதாத அளவுக்குப் பேரிடர் கடுமையாக இருந்தால், தேசிய நிதியிலிருந்து உதவி கோரலாம். மாநில அரசு சேத விவரங்களுடன் கோரிக்கை மனு அளிக்கும். நடுவண் அமைச்சகங்களின் கூட்டுக்குழு வந்து பார்வையிடும். இறுதியில் உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்நிலைக் குழு தொகையை முடிவு செய்யும். தேசிய நிதிக்குப் பணம் புகையிலைப் பொருட்கள் முதலியவற்றின் மீது விதிக்கப்படும் ஒரு தனித் தீர்வையிலிருந்தும் வருகின்றது என்பது பலர் அறியாத செய்தி.

நிவாரண அளவு

நடுவண் அரசின் விதிகளில் எக்டேருக்குக் குறிக்கப்பட்ட தொகை கால வரிசையில் பின்வருமாறு:

மானாவாரிப் பயிர்: 2015க்கு முன் 4,500 ரூபாய்; 2015 முதல் 6,800 ரூபாய்; 2022 முதல் 8,500 ரூபாய்.
இறவைப் பயிர்: 2015க்கு முன் 9,000 ரூபாய், 2015 முதல் 13,500 ரூபாய், 2022 முதல் 17,000 ரூபாய்.
பல்லாண்டுப் பயிர்: 2015க்கு முன் 12,000 ரூபாய், 2015 முதல் 18,000 ரூபாய், 2022 முதல் 22,500 ரூபாய்.

2022இல் வெளியான விதிகள் 2025–26 நிதியாண்டு வரையிலான காலத்துக்கு வகுக்கப்பட்டவை. எவ்வளவு நிலம் வைத்திருந்தாலும் ஓர் உழவருக்கு 2 எக்டேர், அதாவது ஏறத்தாழ 5 ஏக்கர் அளவுக்கே நிவாரணம் உண்டு. விதைக்கப்பட்ட பரப்புக்கு மட்டுமே தொகை தரப்படும். மழை பெய்யாததால் விதைக்கவே இயலாமல் தரிசாகக் கிடந்த நிலத்துக்கு எதுவும் இல்லை. வறட்சியின் கொடுமை சில ஊர்களில் விதைப்புக்கு முன்பே தொடங்கிவிடுகின்றது என்பதை நோக்க, இது பெரிய இடைவெளியாகும். வயலில் மணலும் சேறும் படிந்திருந்தால் அகற்றுவதற்கும், ஆறு போக்கு மாறி நிலத்தையே அடித்துச் சென்றிருந்தால் அதற்கும் சிறு உழவர்களுக்குத் தனித் தொகைகள் குறிக்கப்பட்டுள்ளன.

இத்தொகையின் அளவை உணர ஒரு கணக்கு உதவும். எக்டேருக்கு 17,000 ரூபாய் என்பது ஏக்கருக்குச் சுமார் 6,880 ரூபாய். மூன்று ஏக்கர் சம்பா நெல்லை முழுவதும் இழந்தவர் ஏறத்தாழ 20,640 ரூபாய் பெறுவார். அண்மை ஆண்டுகளில் காவிரி டெல்டாவில் சம்பா நெல்லுக்கான காப்பீட்டில், உழவர் ஏக்கருக்கு 540 ரூபாய் அளவில் காப்பீட்டுக் கட்டணம் செலுத்த, காப்புத் தொகை ஏக்கருக்கு 35,000 ரூபாய்க்கு மேல் இருந்தது. பயிர் முழுதும் அழிந்த நிலையில் காப்பீடு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வேறுபாடு இதனால் விளங்கும்.

நடுவண் விதிகள் கூறும் அளவுக்கு மேல் கொடுக்க விரும்பும் மாநிலம், கூடுதல் தொகையைத் தன் சொந்த வருவாயிலிருந்து ஈடுகட்ட வேண்டும்.

கணக்கெடுப்பு

நிவாரணம் யாருக்குக் கிடைக்கும் என்பது நடைமுறையில் முடிவாவது கிராம நிர்வாக அலுவலரின் கணக்குகளில்தான். கிராமக் கணக்குகளுள் இரண்டாம் எண்ணுடைய அடங்கல் இதில் முதன்மையானது. ஒவ்வொரு புல எண்ணிலும் அந்தப் பசலி ஆண்டில் என்ன பயிர், எவ்வளவு பரப்பில், எந்த நீரைக் கொண்டு, யாரால் சாகுபடி செய்யப்பட்டது என்பதை அடங்கல் காட்ட வேண்டும். பசலி ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி அடுத்த ஜூன் முடிவில் நிறைவடையும். நிலம் யாருடையது என்பதைக் காட்டுபவை பட்டாவும் சிட்டாவும். அதில் பயிரிட்டவர் யார் என்பதைக் காட்ட வேண்டியது அடங்கல். இவ்விரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை சொல்பவை என்பதை நினைவிற் கொள்வது நலம். நிவாரணம் பற்றிய பல சச்சரவுகளும் இவ்வேறுபாட்டில்தான் பிறக்கின்றன.

வெள்ளம் வடிந்ததும், அல்லது வறட்சி அறிவிக்கப்பட்டதும், மாவட்ட ஆட்சியரின் ஆணைப்படி வருவாய்த்துறை, வேளாண்மைத்துறை அலுவலர்கள் கூட்டாக வயல்களைப் பார்வையிடுவர். தோட்டப் பயிராயின் தோட்டக்கலைத்துறையினர் வருவர். சேத விழுக்காடு கண்ணளவில் மதிப்பிடப்படுகின்றது. பின்னர் உழவர் பெயர், புல எண், பரப்பு, வங்கிக் கணக்கு, ஆதார் எண் ஆகியன கொண்ட பட்டியல் வட்டாட்சியர் வழியாக மேலே செல்லும்.

காலம் இங்கே முக்கியமானது. நீரில் மூழ்கிய நெற்பயிர் வெள்ளம் வடிந்த சில நாட்களில் பச்சை காட்டித் தேறியது போல் தோன்றி, பின் அழுகுவதுண்டு. முதல் வாரத்தில் வந்த அலுவலருக்கு 20 விழுக்காடாகத் தெரிந்த சேதம் மூன்றாம் வாரத்தில் 60 விழுக்காடாகலாம். மறுபுறம், கணக்கெடுப்புக்காகக் காத்திருந்தால் உழவரால் வயலை உழுது மறுநடவு செய்ய இயலாது. உழுதுவிட்டால் காட்டுவதற்குச் சேதம் இருக்காது. டெல்டா மாவட்டங்களில் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையின் போதும் இந்த இக்கட்டு எழுகின்றது.

அடங்கலே வயலுக்குச் செல்லாமல் எழுதப்படுகின்றது என்னும் குறை நெடுங்காலமாகக் கூறப்படுவது. 2024 இறுதியில் தமிழ்நாட்டில் எண்ணிமப் பயிர்க் கணக்கெடுப்பு மேற்கொள்ளப்பட்டபோது, ஒவ்வொரு புல எண்ணிலும் நின்று ஒளிப்படத்துடன் பதிவு செய்யும் பணியில் வேளாண் கல்லூரி மாணவர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். மாணவரை இப்பணிக்குப் பயன்படுத்தியது அப்போது கண்டனத்துக்கும் உள்ளாயிற்று.

பயிர்கள் காப்பீடு இன்றி இருப்பதேன்

இந்தியாவில் 1985 முதல் தேசிய அளவில் பயிர்க் காப்பீட்டுத் திட்டங்கள் நடைபெறுகின்றன. 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உழவரின் பங்கு, உணவுப் பயிர்களுக்கும் எண்ணெய் வித்துகளுக்கும் காரிப் பருவத்தில் 2 விழுக்காடு, ராபிப் பருவத்தில் 1.5 விழுக்காடு, வணிகப் பயிர்களுக்கும் தோட்டப் பயிர்களுக்கும் 5 விழுக்காடு மட்டுமே. மீதியை அரசுகள் செலுத்துகின்றன. இவ்வளவு மலிவாக இருந்தும் காப்பீடு இன்றிப் பயிர்கள் நிற்பதற்குப் பல காரணங்கள் உள்ளன.

முதலாவதாக, அறிவிக்கை செய்யப்பட்ட பயிரை அறிவிக்கை செய்யப்பட்ட ஊரிலோ குறுவட்டத்திலோ பயிரிட்டால்தான் காப்பீடு செய்ய இயலும். கீரை, பூ, வெற்றிலை போன்றவற்றைப் பயிரிடும் சிறு உழவர் பெரும்பாலும் இதற்கு வெளியே நிற்கின்றார். சில வேளைகளில் ஒரு பருவமே விடுபட்டுப் போவதுண்டு: 2021இல் டெல்டாவின் குறுவை நெல்லுக்குக் காப்பீடு செயல்படுத்தப்படவில்லை. அவ்வாண்டு அறுவடைக் காலத்தில் பெய்த கனமழையில் குறுவையை இழந்தவர்களுக்கு அரசு நிவாரணம் ஒன்றே எஞ்சியது.

இரண்டாவது காரணம் கடைசி நாள். டெல்டாவில் சம்பாவுக்கு நவம்பர் 15 வழக்கமான கடைசி நாள். அது நீட்டிக்கப்படுவதும் வழக்கமாகிவிட்டது. தண்ணீர் பிந்தி வந்து நடவும் பிந்தினால், சாகுபடிச் சான்றுக்கும் இணைய மையத்துக்குமான அலைச்சலில் நாள் கடந்துவிடுகின்றது. 2020 காரிப் பருவத்துக்கு முன்பு வரை பயிர்க்கடன் பெற்றவருக்குக் காப்பீடு கட்டாயமாக இருந்தது. அதன்பின் அது விருப்பத்துக்கு விடப்பட்டது.

மூன்றாவதாக, காப்பீடு செய்திருந்தும் இழப்பீடு கிடைக்காமற் போவதுண்டு. தமிழ்நாட்டில் நெல்லுக்கு வருவாய்க் கிராமமே காப்பீட்டு அலகு. பயிர் அறுவடைப் பரிசோதனைகளால் கிடைக்கும் ஊர்ச் சராசரி விளைச்சல் குறைந்தால்தான் இழப்பீடு உண்டு. ஊரின் மேட்டுப்பகுதி நன்றாக விளைந்திருக்க, வாய்க்கால் கடைமடையில் ஒருவரின் வயல் மட்டும் அழுகினால், சராசரி அவரை மறைத்துவிடும். குறிப்பிட்ட சில உள்ளூர்ச் சேதங்கள் தனி வயல் அளவில் மதிப்பிடப்படுவதுண்டு. ஆனால் 2018இல் நெல் நீரில் மூழ்குதல் அவற்றிலிருந்து நீக்கப்பட்டது. 2026 காரிப் பருவம் முதல் அது மீண்டும் சேர்க்கப்படும் என 2025 நவம்பரில் நடுவண் வேளாண் அமைச்சகம் அறிவித்தது. இடுபொருள் நிவாரணம் சிறு தொகையாயினும் புல எண் வாரியாக வழங்கப்படுவது. ஊர்ச் சராசரியில் மறைந்துபோன அந்த ஒற்றை வயலுக்கு அது எட்டக்கூடும்.

குத்தகை உழவர்கள்

காப்பீடு, நிவாரணம் ஆகிய இரண்டிலிருந்தும் ஒருசேர நழுவிப்போகும் பெரும் பிரிவினர் குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிரிடுவோர். டெல்டாவில் கோயில், மடம், அறக்கட்டளை நிலங்களிலும், நகரங்களில் குடியேறிவிட்ட உரிமையாளர்களின் நிலங்களிலும் உழுபவர் வேறு, பட்டாவில் பெயருள்ளவர் வேறு என்பது பொதுநிலை. குத்தகைப் பேச்சு பெரும்பாலும் வாய்மொழியாகவே முடிகின்றது. விதை, உரம், கூலி எல்லாம் உழுபவரின் பணம். பல வேளைகளில் வட்டிக்கு வாங்கிய பணம். பட்டியல் பட்டாவைப் பின்பற்றி எழுதப்பட்டால், ஒரு பிடி விதையும் போடாத உரிமையாளரின் கணக்குக்கு நிவாரணம் போய்ச் சேரும். அவர் நல்லவராயின் எடுத்துக் கொடுப்பார். இல்லையெனில், உழுதவர் அடுத்த ஆண்டும் அதே நிலத்தைக் கேட்டு நிற்க வேண்டியவராதலால் வாய் திறவார்.

சட்டத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கான 1969ஆம் ஆண்டின் சட்டமும் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளன. இப்பதிவேட்டில் பெயர் உள்ளவர் தயக்கமின்றி நிவாரணம் கோரலாம். ஆனால் பதிவு செய்தால் குத்தகைதாரரை வெளியேற்ற முடியாது என உரிமையாளர் அஞ்சுவதால், பதிவைக் கேட்பவருக்கு நிலமே கிடைப்பதில்லை. உழவரைக் காக்க எழுந்த சட்டமே அவரைத் தாளில் இல்லாதவராக ஆக்கிவிட்டது எனலாம். பதிவில்லாதோர், அடங்கலில் சாகுபடியாளராகத் தம் பெயரை எழுதுவிப்பதையும், கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிச் சான்றையும் நம்பி இருக்கின்றனர். உரிமையாளர் மறுப்புத் தெரிவித்தால் அச்சான்றும் கிடைப்பதரிது.

ஆந்திரப் பிரதேசம் வேறொரு வழியை முயன்றது. அங்கு 2011இல் ஒரு சட்டமும், அதற்கு மாற்றாக 2019இல் பயிர்ச் சாகுபடியாளர் உரிமைச் சட்டமும் இயற்றப்பட்டன. இரண்டாவதன்படி உழுபவருக்குப் பதினொரு மாதங்களுக்குச் செல்லும் அட்டை வழங்கப்படுகின்றது. இது நிலத்தின் மீது எவ்வுரிமையையும் தராது. பயிருக்கு உரிய கடன், காப்பீடு, நிவாரணம் ஆகியவற்றை மட்டும் பெறலாம். உரிமையாளரின் அச்சத்தைப் போக்குவதே நோக்கம். ஆயினும் அட்டைக்கு அவருடைய ஒப்புதல் தேவைப்படுவதால், சிக்கல் முற்றும் தீர்ந்தபாடில்லை.

தமிழ்நாட்டில் வழங்கப்பட்ட நிவாரணங்கள்

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரி 10ஆம் நாள் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. நெல் முதலிய இறவைப் பயிருக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாயும், மானாவாரிக்கு 3,000 ரூபாயும், பல்லாண்டுப் பயிருக்கு 7,287 ரூபாயும் அறிவிக்கப்பட்டு, ஏறத்தாழ 32 லட்சம் உழவர்களுக்கு 2,247 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. நிலவரியும் தள்ளுபடி செய்யப்பட்டது. அதே ஆண்டுக்குரிய பயிர்க் காப்பீட்டு இழப்பீடு 3,000 கோடி ரூபாயைத் தாண்டியது. ஆனால் அது காப்பீடு செய்திருந்தவர்களுக்கு மட்டும், பல தவணைகளில் வந்து சேர்ந்தது. மாநில அரசு நடுவண் அரசிடம் கோரியது 39,565 கோடி ரூபாய், ஒப்பளிக்கப்பட்டது 1,748.28 கோடி ரூபாய். இக்காலத்தில்தான் பி. அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக உழவர்கள் தில்லி சந்தர் மந்தரில் மண்டையோடுகளுடன் போராட்டம் நடத்தினர்.

2018 நவம்பர் 16ஆம் நாள் கரையைக் கடந்த கஜா புயல், தென்னை நிறைந்த பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளைச் சிதைத்தது. வழக்கமான எக்டேர்க் கணக்கு அங்கு பொருந்தவில்லை. தென்னை ஒன்று காய்ப்புக்கு வரவே பல ஆண்டுகள் ஆகும். விழுந்த மரத்தை அகற்றுவதே பெருஞ்செலவு. ஆகவே மரம் ஒன்றுக்கு இழப்புக்கென 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும், ஆக 1,100 ரூபாய் என வகுக்கப்பட்டது. எக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் இது 1,92,500 ரூபாய் ஆகும். நடுவண் விதியின் 18,000 ரூபாயுடன் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். எனினும் மரத்தின் மதிப்பில் இது சிறு பங்கே என்று தென்னை உழவர்கள் முறையிட்டனர்.

நிவர், புரெவி புயல்களையும் 2021 ஜனவரியின் பருவந்தவறிய மழையையும் அடுத்து, இறவைப் பயிருக்கு எக்டேருக்கு 13,500 ரூபாயாக இருந்த தொகையைத் தமிழ்நாடு அரசு 20,000 ரூபாயாக உயர்த்தியது. 2 எக்டேர் வரம்பும் அம்முறை நீக்கப்பட்டது. 2021 நவம்பர் மழையில் முழுதும் சேதமுற்ற கார், குறுவை, சொர்ணவாரி நெல்லுக்கு 20,000 ரூபாயும், மூழ்கிய சம்பாவை மறுநடவு செய்ய எக்டேருக்கு 6,038 ரூபாய் மதிப்பிலான இடுபொருட்களும் அறிவிக்கப்பட்டன. 2023 பிப்ரவரியில் அறுவடை நேரத்து மழைக்கும் 20,000 ரூபாயே அளவு. ஆனால் அதே ஆண்டு, மேட்டூர் அணையில் நீர் குறைந்து குறுவை கருகியபோது அறிவிக்கப்பட்டது 13,500 ரூபாய். 2023 டிசம்பரில் மிக்சாம் புயலுக்கும், 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலுக்கும் 17,000 ரூபாய் வழங்கப்பட்டது. ஒரே நெல்லுக்கு, ஒரே டெல்டாவில், இரண்டே ஆண்டுகளுக்குள் தொகை இவ்வாறு ஏறியிறங்கியதை நோக்கினால், இது கருணைத்தொகை என்பதன் நடைமுறைப் பொருள் புலப்படும்.

நடுவண் அரசும் மாநிலங்களும்

கோரிய தொகைக்கும் கிடைத்த தொகைக்கும் இடையிலான பெரும் இடைவெளி தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மாநிலங்கள் மொத்தச் சேதத்தையும் கணக்கிட்டுக் கேட்கின்றன. நடுவண் அரசு விதிகளில் உள்ள எக்டேர்த் தொகையைக் கொண்டு மட்டுமே கணக்கிடுகின்றது. இதனால் இரு தரப்பும் சொல்லும் எண்கள் ஒருபோதும் ஒத்துப்போவதில்லை. 2016 டிசம்பரில் திருத்தப்பட்ட வறட்சிக் கையேடு, வறட்சியை "மிதமானது", "கடுமையானது" எனப் பிரித்து, கடுமையான வறட்சிக்கே தேசிய நிதியிலிருந்து உதவி கோரலாம் என வரையறுத்தது.

2023இல் கருநாடகம் தன் 236 வட்டங்களில் 223ஐ வறட்சி வட்டங்களாக அறிவித்து, 18,171.44 கோடி ரூபாய் கோரியது. மாதங்கள் கடந்தும் முடிவு வராததால், மாநில அரசு உழவர்களுக்கு ஆளுக்கு 2,000 ரூபாய் வரை இடைக்கால உதவி தந்துவிட்டு, 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தை நாடியது. ஏப்ரல் இறுதியில் சுமார் 3,454 கோடி ரூபாய் விடுவிக்கப்பட்டது. காரிப் பயிர் கருகிய உழவருக்கு அடுத்த காரிப் பருவம் வாசலில் நிற்கும்போது நிவாரணம் வந்தது என்பது இதன் பொருள்.

வந்த பணத்தை வங்கிகள் பழைய கடனுக்கு வரவு வைத்துக்கொள்வதும் அடிக்கடி எழும் முறையீடு. அவ்வாறு செய்யலாகாது என மாநில அரசுகள் வங்கிகளுக்கு அறிவுறுத்துவது வழக்கம். கடனைப் பொறுத்தவரை, ரிசர்வ் வங்கியின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைகள் 33 முதல் 50 விழுக்காடு வரையிலான சேதத்துக்கு இரண்டாண்டுகள் வரையும், அதற்கு மேற்பட்ட சேதத்துக்கு ஐந்தாண்டுகள் வரையும் தவணையை நீட்டிக்க இடமளித்தன.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டின் பயிர்க் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டத்தின் வழி, காப்பீடு கிடைக்காத பயிர்களுக்கெனவே ஒரு தனிப் பேரிடர் உதவித் திட்டம் ஏற்பட்டது. இந்திய நிவாரணத்திலிருந்து இது அடிப்படையில் வேறானது. காப்பீடு விற்கப்படாத பயிருக்கு மட்டுமே இதில் இடம் உண்டு. உழவர் பருவத்துக்கு முன்பே விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்த வேண்டும். 2018ஆம் ஆண்டின் வேளாண் சட்டத்துக்குப் பின் இது ஒரு பயிருக்கு 325 டாலர். புதிதாக உழவில் இறங்கியோர், வசதி குறைந்தோர் ஆகியோருக்குக் கட்டண விலக்கு உண்டு. அடிப்படை நிலையில், விளைச்சலில் பாதிக்கு மேல் இழந்த பகுதிக்கு, சராசரிச் சந்தை விலையில் 55 விழுக்காடு தரப்படுகின்றது. அதாவது போட்ட முதல் அன்றி, இழந்த விளைச்சலின் விலையே அங்கு அளவுகோல். கூடுதல் கட்டணம் செலுத்தி 65 விழுக்காட்டு விளைச்சல் வரை, முழு விலைக்குப் பாதுகாப்புப் பெறும் வசதி 2014ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. இதில் சேராதவருக்கு ஒன்றும் இல்லை என்பது விதியாயினும், பெரும் பேரிடர்களுக்குப் பின் அந்நாட்டு நாடாளுமன்றம் தனிச் சட்டங்கள் மூலம் சிறப்பு உதவி வழங்கியதும் பலமுறை நிகழ்ந்துள்ளது. 1988ஆம் ஆண்டு வறட்சியின்போது இயற்றப்பட்ட பேரிடர் உதவிச் சட்டம் அவற்றுள் ஒன்று. அவ்வாறு உதவி பெற்றோர் அடுத்த பருவங்களில் காப்பீடு செய்ய வேண்டும் என்னும் நிபந்தனை பிற்காலச் சட்டங்கள் சிலவற்றில் சேர்க்கப்பட்டது.